வயதான பெற்றோரிடம் அட்டோர்னி பவர் எழுதி வாங்குவது: எப்போது, எப்படி, எதற்கெல்லாம் செல்லும்?

பனிமூட்டம் கேட்டது:

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்ந்த 67 வயது அம்மா ஒருவரின் விஷயம். மனம் தெளிவு, பேச்சு தெளிவு. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை, லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) மெயின் ரோட்டுக்கு இறங்குவதே பெரும்பாடு. டவுனுக்குப் பக்கத்தில் உறுதியோடு (காணிப் பத்திரம்) வாங்கிய 10 பேர்ச் காணி, வங்கியில் ஒரு நிலையான வைப்பு, அடகில் ஒரு சங்கிலி. மூன்றும் அவர் பெயரில். மகன் கொழும்பில், மகள் கட்டாரில்.

லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், "இப்பவே பவர் எழுதி வாங்கிடுங்க, நாளைக்கு ஞாபகமறதி வந்தாலும் பிள்ளைகளே எல்லாத்தையும் பார்த்துக்கலாம்" என்கிறார். பவர் என்றால், ஒருவருக்காக இன்னொருவர் கைச்சாத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம். இது சரியா? ஜெனரல் பவரா, ஸ்பெஷல் பவரா? கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதாதா? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

—

கச்சேரி வாசல் எழுதியது:

லண்டன்காரர் சொல்வது லண்டனுக்குச் சரி. அங்கே 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் நினைவு தவறிய பிறகும் செல்லுபடியாகும் ஒரு வகைப் பத்திரம் உண்டு. அதைப் பதிவு செய்யவும் கண்காணிக்கவும் தனி அலுவலகமே இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே இருப்பது 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதற்கு 2022இல் வந்த திருத்தமும்தான். அரசாங்கக் கடதாசிகளில் "அற்றோணித் தத்துவம்" என்று இருக்கும், பேச்சில் எல்லாரும் பவர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நம்முடைய பவருக்கு உயிர், கொடுத்தவரின் புத்தி தெளிவாக இருக்கும் வரைதான். மகன் அம்மாவுக்குப் பதிலாகக் கைச்சாத்து வைக்கிறார் என்றால், அம்மா எந்த நேரமும் "வேண்டாம்" என்று தடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறார் என்பதுதான் அதற்கு அடிப்படை. தடுக்கும் புத்தியே போய்விட்டால் மகனின் அதிகாரமும் அதோடு முடிகிறது. மரணத்திலும் அப்படித்தான். "சவம் எடுக்கும் செலவுக்கு" என்று மறுநாள் பவரைக் காட்டிப் பணம் எடுப்பது பலரும் செய்கிற பிழை. எடுத்த நோக்கம் நல்லதாக இருந்தாலும், மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். மனத்துக்கு முன்னால் உடம்பு போவதுதான் அதிகம். முழங்கால், இடுப்பெலும்பு முறிவு, ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்ட பக்கவாதம், வாரம் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு. இவற்றிலெல்லாம் புத்தி தெளிவாக இருக்கும், ஆள்தான் கவுண்டருக்கு வர முடியாது. நீங்கள் சொன்ன அம்மா சரியாக இந்த நிலையில் இருக்கிறார். அதனால் இப்போதே எழுதுங்கள். மறதி வரும்வரை காத்திருந்தால் எழுதவே முடியாது, எழுதினாலும் செல்லாது. வயதானவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை இது. 18 வயது தாண்டிய எவரும் கொடுக்கலாம். காணியோ வங்கிக் கணக்கோ தன் பெயரில் வைத்துக்கொண்டு மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் விமானம் ஏறும் முன் செய்ய வேண்டிய வேலை. போன பிறகு செய்தால் செலவும் அலைச்சலும் பல மடங்கு.

மறதிக்கு என்ன ஏற்பாடு என்றால், பவரை மட்டும் நம்பாமல் பக்கத்தில் வேறு சில விஷயங்களையும் செய்து வைக்க வேண்டும். சேமிப்புக் கணக்கை இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுவது, நிலையான வைப்புக்கு நியமனதாரர் பெயர் கொடுப்பது, காணிக்கு மரணசாசனம் எழுதுவது. இவை எதுவும் இல்லாமல் புத்தி தடுமாறிவிட்டால் மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றம். சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் மனு போட்டு, வைத்தியச் சான்று வைத்து, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அவர் கணக்குக் காட்டவும் வேண்டும்.

கிராம சேவகர் கடிதம் அம்மா அந்தப் பிரிவில் வசிக்கிறார் என்பது போன்ற விவரங்களை மட்டுமே சொல்லும். அவருக்காக இன்னொருவர் கைச்சாத்து வைக்கலாம் என்ற அதிகாரத்தை அது தராது.

—

மசிப்பெட்டி எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பவர் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

காணியும் சம்பந்தப்பட்டிருப்பதால் பிரசித்த நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்த அனுமதி பெற்றவர்) முன்னால்தான் எழுத வேண்டும். சமாதான நீதவானின் சீல் குத்திய வெறும் கடதாசியைக் காணி வேலைக்கு எவரும் ஏற்க மாட்டார்கள். நொத்தாரிசுகளுக்கு அனுமதி மொழிவாரியாகக் கொடுக்கப்படுகிறது. தமிழில் எழுத அனுமதியுள்ளவரைத் தேடிப் போங்கள். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளை நீதிமன்றப் பக்கங்களில் கிடைப்பார்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதினால் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், சாட்சிகள் இருவரும் அதைக் கேட்கவேண்டும். வாசித்து விளக்குவது அவர் செய்ய வேண்டிய கடமை. நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: அம்மாவின் அடையாள அட்டை மூலமும் கொப்பியும், மகனுடையதும் அப்படியே, பாஸ்போட் அளவுப் படங்கள், காணி உறுதியின் கொப்பி, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு. சாட்சிகள் இருவர், அவர்களும் அடையாள அட்டையோடு. பவர் வாங்குகிற மகனையே சாட்சியாக நிறுத்தாதீர்கள், மருமகளையும் வேண்டாம். அம்மாவை நேரில் தெரிந்த அயலவர் இருவர் போதும். நொத்தாரிசுக்கு அம்மாவை முன்பின் தெரியாவிட்டால், தெரியும் என்று சொல்லும் பொறுப்பு அந்தச் சாட்சிகள் மேல்தான் விழும்.

பெயர். மலையகத்தில் பாதிக் கோளாறு இதில்தான். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) லட்சுமி, வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லை, உறுதியில் புருஷன் பெயரோடு. ஐவரும் ஒருவரே என்று வீட்டுக்குத் தெரியும், கவுண்டருக்குத் தெரியாது. பத்திரத்தின் முதல் பந்தியிலேயே "இன்ன பெயராலும் இன்ன பெயராலும் அழைக்கப்படும்" என்று எல்லா வடிவத்தையும் எழுதச் சொல்லுங்கள். கூடவே, ஐவரும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்தால் பிற்பாடு ஓட வேண்டியதில்லை. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். உறுதி எழுதும்போது பழைய இலக்கம் கொடுத்திருந்தால் இரண்டு இலக்கத்தையும் போடுங்கள். எழுத்தையும் கவனியுங்கள். வாக்குரிமை உள்ளவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ். பிரஜாவுரிமை இழுபறியில் கிடந்த தலைமுறையின் பழைய கடதாசிகளில் எக்ஸ் இருக்கும், பழக்கதோஷத்தில் வி என்று அடித்துவிடுவார்கள்.

பெருவிரல் அடையாளம். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், வெடிப்பில் சாயம் ஏறியிருக்கும். மசியில் அழுத்திக் குத்தினால் கறுப்பாக ஒரு பொட்டு விழுமே தவிர ரேகை விழாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி அரை மணி நேரம் கழித்து அதையும் துடைத்துவிடுங்கள். மேசையில் மசியை மெல்லிசாகத் தொட்டு, முதலில் கழிவுக் கடதாசியில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பிறகு பத்திரத்தில், நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே உருட்டு. திரும்ப அதே இடத்தில் குத்தக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் கைச்சாத்து வேண்டும். வெட்டித் திருத்திய இடம் இருந்தால் நொத்தாரிசு அதை அத்தாட்சியில் குறிப்பிட வேண்டும். வெற்றிடம் விட்ட பக்கத்தில் விரலை வைக்கவே வேண்டாம்.

படியிறங்க முடியாதவர் என்றால் நொத்தாரிசு வீட்டுக்கே வருவார். போக்குவரத்துச் செலவை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நோயாளி படுக்கையில் இருந்தால், அன்றைய தேதியிலேயே "புத்தி சுயாதீனத்தில் இருக்கிறார், சொல்வதை விளங்கிக்கொள்கிறார்" என்று வைத்தியரிடம் சான்று வாங்கி வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், நாளை மூத்த மகனோ சின்ன மகளோ வழக்குப் போட்டால் அந்த ஒரு தாள்தான் காப்பாற்றும்.

முடிந்ததும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்துவிட வேண்டும். எந்த அலுவலகம் என்பதை நொத்தாரிசே சொல்வார். பதிவு இலக்கம் விழாத பவரைக் கொண்டுபோனால் எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பிவிடும். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதி இரண்டு மூன்று எடுத்து அதைக் கொடுங்கள்.

இன்னொன்று: பவர் கையில் வந்த பிறகு மகன் அம்மாவின் கைச்சாத்தைப் போலப் போடக் கூடாது. தன் சொந்தக் கைச்சாத்தைப் போட்டு, கீழே "இன்னாரின் அட்டோர்னியாக, பதிவு இலக்கம் இன்னது" என்று எழுத வேண்டும். அம்மா கைச்சாத்தைப் போட்டால் பவர் இருந்தாலும் அது கள்ளக் கைச்சாத்துத்தான்.

—

மூணாம் நம்பர் மலை எழுதியது:

ஜெனரலா ஸ்பெஷலா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம்: இந்த அம்மாவுக்கு ஸ்பெஷல்தான். அச்சடித்து வைத்திருக்கும் ஜெனரல் பவரின் நீளமான பந்தியை வாசித்துப் பாருங்கள். விற்க, ஈடு வைக்க, நன்கொடை கொடுக்க, கடன் வாங்க, வழக்காட, சமரசம் செய்ய என்று உலகத்தில் உள்ள அத்தனையும் இருக்கும். அம்மாவுக்குத் தேவை இவ்வளவுதான்: வட்டியை எடுப்பது, வைப்பைப் புதுப்பிப்பது, சங்கிலியை மீட்பது, காணிக்குச் சோலைவரி கட்டுவது, எல்லைத் தகராறு வந்தால் பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் ஆஜராவது. அதை மட்டும் எழுதுங்கள்.

காணியை மெய்யாகவே விற்கும் எண்ணம் இருந்தால் உறுதி இலக்கம், தேதி, எழுதிய நொத்தாரிசு, காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் அட்டவணையில் வரவேண்டும். எண்ணம் இல்லாவிட்டால் "விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ அதிகாரம் இல்லை" என்று ஒரு வரி தெளிவாகப் போடுங்கள். சும்மா விட்டுவைப்பது வேறு, இல்லை என்று எழுதுவது வேறு. இன்னும் மூன்று வரி சேர்க்கச் சொல்வேன். வருகிற பணம் முழுக்க அம்மாவின் கணக்கிலேயே வைப்பிலிடப்பட வேண்டும். மகன் இந்த அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இன்ன தேதியோடு காலாவதியாகும். இரண்டு வருஷம் வையுங்கள், அம்மா தெளிவாக இருந்தால் புதிதாக எழுதிக்கொள்ளலாம். பணம் கொஞ்சம் கூடச் செலவாகும், போகட்டும்.

காணி என்றதும் எல்லாக் காணியும் ஒன்றல்ல. காசு கொடுத்து வாங்கிய உறுதிக் காணிக்கு பவர் எழுதலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டிலோ அளிப்பிலோ கிடைத்த அரச காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, பவர் எழுதி அந்த அனுமதியைச் சுற்றிப் போகவும் முடியாது. லயக் காம்பராவை யாராவது "பவரில் விற்கிறேன்" என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். நிலம் அரசுடையது, நீண்டகாலக் குத்தகையில் கம்பனியிடம் இருப்பது. காம்பராவில் குடியிருப்பவருக்கு விற்க எதுவும் இல்லை. வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் என்றால் கையில் இருக்கும் கடதாசியின் நிபந்தனையை முதலில் வாசிக்க வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கடன் கொடுக்கிறவர் "செக்குரிட்டிக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுங்க, காசைத் திருப்பினதும் கிழிச்சிடலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். கடனுக்கு ஈடு என்பது வேறு பத்திரம். பவரில் கைச்சாத்து வைத்தவர் தன் காணியை எப்போது விற்கலாம் என்ற சாவியையே கொடுத்துவிட்டு வருகிறார். அதைத் திரும்பப் பெற முடியாதபடி வாசகம் சேர்த்தும் எழுதுவார்கள்.

—

பனிமூட்டம் எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மகனையும் மகளையும் சேர்த்துப் போடலாமா? மகள் கட்டாரில் இருப்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று வந்தால் இந்தப் பவரை வைத்து மகன் சம்மதம் கொடுக்கலாமா?

—

மசிப்பெட்டி எழுதியது:

சேர்த்துப் போடலாம், ஆனால் ஒரு சொல்லில் எல்லாம் மாறிவிடும். "சேர்ந்து" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு படிவத்துக்கும் இருவர் கைச்சாத்தும் வேண்டும். மகள் கட்டாரில் என்றால் அடுத்த லீவு வரை வேலை நிற்கும். "சேர்ந்தும் தனித்தும்" என்றால் எவரும் தனியாகச் செய்யலாம். என்னைக் கேட்டால் அன்றாட வேலைக்குத் தனித்து, காணிக்கு மட்டும் சேர்ந்து என்று பிரித்து எழுதுவது நல்லது.

மகள் தன் பெயரிலுள்ள எதற்காவது இங்கே ஒருவருக்கு பவர் கொடுப்பதென்றால் அது வேறு வழி. தோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில், கொன்சியூலர் அதிகாரி முன்னால் கைச்சாத்திட வேண்டும். இங்கே வந்ததும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, அதன்பின் பதிய வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து "மூலம் பின்னால் வரும்" என்பதெல்லாம் நடக்காது. தமிழ்நாட்டில் குடியேறிவிட்ட உறவினர்களுக்கும் இங்கே பங்கு இருந்தால் இதே மாதிரி சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு இந்தப் பவர் உதவாது. இது சொத்துக்கும் பணத்துக்கும் கடதாசி வேலைக்கும் உரியது. அம்மா தெளிவாக இருந்தால் அவரே சம்மதம் கொடுப்பார், முடியாவிட்டால் வைத்தியர்கள் நெருங்கிய உறவினரைத்தான் கேட்பார்கள்.

—

அடகுச்சீட்டு எழுதியது:

வங்கிப் பக்கத்தை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பவர் பதிந்த கையோடு, அம்மாவால் வர முடிகிற ஒரு நாளில், இருவரும் சேர்ந்து கணக்குள்ள கிளைக்கே போங்கள். வேறு கிளை வேண்டாம். மகனின் மாதிரிக் கைச்சாத்தைப் பதியச் சொல்லுங்கள். கிளையில் பிரதியை வாங்கித் தங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்கள், பதில் வரச் சில நாள் பிடிக்கும். அவசரம் வந்த அன்று முதல்தடவையாகப் பவரை நீட்டினால் அந்தச் சில நாள்தான் உங்களைக் கொல்லும். சில வங்கிகள் பவர் இருந்தாலும் தங்கள் சொந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லும். நிரப்பிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

வாசகத்தில் "வங்கி வேலைகள்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வைப்பைப் புதுப்பிக்க, முதிர்வுக்கு முன் முறிக்க, வட்டி எடுக்க, அடகு வைத்த நகைக்கு வட்டி கட்ட, மீட்க, நகையைக் கையேற்க என்று ஒவ்வொன்றாக வேண்டும். "மீட்க" என்று இருந்து "கையேற்க" என்று இல்லாததால் காசைக் கட்டிவிட்டு நகை இல்லாமல் திரும்புவதும் நடக்கிறது. சங்கிலியின் தவணைத் தேதியைச் சீட்டில் பாருங்கள். பவர் தயாராவதற்குள் தவணை முடிகிறது என்றால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏலப் பட்டியலுக்குப் போய்விடும்.

ஊழியர் சேமலாப நிதி இன்னும் எடுக்கவில்லை என்றால் அதைப் பவரில் செய்ய நினைக்காதீர்கள். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். அதை எடுக்கும் விண்ணப்பமான கே படிவத்தோடு அம்மாவே தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போவதுதான் சுலபம், பணம் அவர் கணக்குக்கே நேரே வரும். அங்கேயும் செக்ரோல் பெயர் அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால் நிற்கும். ஆகவே மசிப்பெட்டி அண்ணன் சொன்ன அந்தச் சத்தியக் கடதாசியை முதலில் முடியுங்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

—

கச்சேரி வாசல் எழுதியது:

ரத்துச் செய்வதையும் சேர்த்துவிடுகிறேன். அம்மாவுக்கு மகன் மேல் நம்பிக்கை போனால் மூலத்தைக் கிழித்துப் போட்டால் ரத்தாகாது, பதிவேட்டில் அது உயிரோடுதான் இருக்கும். நொத்தாரிசு முன் ரத்துப் பத்திரம் எழுதி, முதல் பவர் பதிந்த இடத்திலேயே அதையும் பதிய வேண்டும். அன்றே மகனுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், வங்கிக் கிளைக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று. காணி சம்பந்தப்பட்டிருந்தால் தமிழ், சிங்களப் பத்திரிகைகளில் சின்ன அறிவித்தலும் போடுவார்கள். ரத்தானது தெரியாமல் மூன்றாம் ஆள் ஒருவர் நல்லெண்ணத்தில் மகனோடு உடன்படிக்கை செய்துவிட்டால் அம்மாதான் வழக்காடி அலைய வேண்டிவரும். தபால் துண்டுகளை ரத்துப் பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் கேட்கலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை தருவார்கள். போகும்போது வருமானத்தைக் காட்ட ஏதாவது ஒரு கடதாசி கொண்டுபோங்கள். முதலில் கேட்ட அந்தக் கிராம சேவகர் கடிதம் அங்கேதான் பயன்படும்.